டைகரின் வயிற்றில் ஒரு பந்து

நேற்று மாலை, காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பந்து உருண்டு வந்து காலில் மோதியது. பின்னாலேயே ஒரு லாப்ரடார், அதன் பின்னால் மூன்றாவது மாடிப் பெண். "சாரி அங்கிள்" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கையெல்லாம் எச்சில். ரப்பரும் நாயெச்சிலும் கலந்த அந்த வாடை இருக்கிறதே, அது என்னை நேராக ஆவடி சேக்காட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

தேனியிலிருந்து வேலைக்கு வந்த புதிது. சேக்காட்டில் ஒரு வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள்: பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சகாயம் அண்ணன், அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. இருவரும் நாகர்கோவில் பக்கம். பிள்ளை இல்லை, டைகர் இருந்தான். பெயர்தான் டைகர். கேஸ் சிலிண்டர் உருளும் சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் போய்விடுகிற நாட்டு நாய்.

ஒருமுறை அவர்கள் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார்கள். அக்கா சாவியை என்னிடம் கொடுத்து, "ரெண்டு நேரம் சோறு வச்சா போதும் மக்ளே. நாலு நாள்ல வந்துருவோம்" என்றார்.

சோறு வைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஓர் ஆசை. நான் பந்தை எறிய வேண்டும், டைகர் ஓடிப்போய் எடுத்து வந்து என் கையில் தர வேண்டும், ஊரிலிருந்து திரும்பிய அக்கா அசந்து நிற்க வேண்டும். அலுவலகத்தில் என்னைப் பார்த்து அதுவரை ஒருவரும் அசந்ததில்லை.

முதல் நாள் எறிந்தேன். டைகர் பந்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், படுத்துக்கொண்டான். நானே போய் எடுத்து வந்தேன். யாரை யார் பழக்கியது என்று கேட்காதீர்கள். இரண்டாம் நாள் பிஸ்கட்டைக் காட்டியதும் ஓடினான், கவ்வினான். ஆனால் தரவில்லை. "குடுடா ராசா" என்று கெஞ்சியபடி வீட்டைச் சுற்றி வந்தேன். இந்த வித்தையில் ஓடுவதும் கவ்வுவதும் ஒன்றுமில்லை, விடுவதுதான் கஷ்டம்.

மூன்றாம் நாள் காலை பந்தோடு கொல்லைப்பக்கம் ஓடினான். நான் போய்ப் பார்த்தால் வாயிலும் பந்து இல்லை, தரையிலும் இல்லை. எலுமிச்சை அளவுப் பந்து. கொஞ்ச நேரத்தில் குமட்ட ஆரம்பித்தான். எதுவும் வெளியே வரவில்லை. வயிறு உப்பிப்போய் சுருண்டு கிடந்தான்.

தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். ஆட்டோக்காரர், "இன்னா சார் ஆச்சு?" என்றார்.

"பந்த முழுங்கிருச்சுண்ணே."

"ஐய! யார் ஊட்டு நாய்?"

"ஹவுஸ் ஓனரோடது."

"ஓனர் நாயா? செத்த மாமே நீ! ஏறு, ஏறு."

கால்நடை மருத்துவர் அம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அக்காவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'அக்கா, ஒரு விஷயம்' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை நகரவில்லை.

மருத்துவர் கூப்பிட்டார். "பந்தெல்லாம் ஒண்ணும் இல்லையே. என்ன குடுத்தீங்க இதுக்கு?"

"பிஸ்கட், மேடம்."

"எத்தனை?"

"ரெண்டு... பாக்கெட்."

ஓர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் டைகர் மேசை முழுக்க வாந்தியெடுத்தான். பிஸ்கட் கூழோடு, நான் கீழே போட்டிருந்த பாக்கெட் உறையும் சுருண்டு வந்து விழுந்தது. பிறகு வாலை ஆட்டினான்.

அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், ஆட்டோக்காரர் போகாமல் நிற்கிறார். "இன்னா, உசுரோட கீதா?"

"கீதுண்ணே!" என்றேன். நான் பேசிய முதல் மெட்ராஸ் தமிழ் அதுதான்.

மறுநாள் ஊர் திரும்பிய அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நேராகக் கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மண்ணைக் காலால் கிளறினார். என் பந்து, அவருடைய ஒற்றைச் செருப்பு, அண்ணனின் கண்ணாடிக் கூடு, இரண்டு வெங்காயம். "எனக்கே தரமாட்டான், ஒனக்குத் தருவானா மக்ளே?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அண்ணன் ஓய்வு பெற்றதும் மூன்று பேருமாக நாகர்கோவிலுக்கே போய்விட்டார்கள். டைகர் அங்கே நல்ல கிழவனாகும்வரை இருந்ததாக அக்கா போனில் சொன்னார். போன மாதம் சேக்காடு பக்கம் போயிருந்தேன். அந்த வீடு இருந்த இடத்தில் நாலு மாடி. சுற்றிலும் கார் நிறுத்துவதற்காக சிமெண்ட் கல் பதித்து, பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். ஒரு நாய் எதையாவது ஒளித்துவைக்க வேண்டுமென்றால், அங்கே ஒரு பிடி மண் கிடையாது.