நீ போன வீட்டில் எரிந்த லைட்

நடந்தவை, வரிசையாக:

1. அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி அனுப்பும் கன்வேயர் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் இன்ஜினியரான நான் ஒரு காதல் பாட்டு எழுதி, மெட்டும் போட்டேன்.
2. அதே செக்‌ஷனில் கான்ட்ராக்டில் கிளீனிங் பார்க்கும் வடக்குத்து கிராமத்துச் செல்வி பாடச் சம்மதித்தார்.
3. பியானோ தேவைப்பட்டது. டவுன்ஷிப்பில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மனமகிழ் மன்றத்து ஹாலில், போர்வை போர்த்தி நின்றது.
4. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ரெக்கார்டிங் செய்ய அனுமதி கேட்டேன். பாட்டு வரிகளை இணைக்கச் சொன்னார்கள்.
5. இணைத்தேன். ஆபீஸ் பழக்கத்தில் டேபிள் போட்டு: வரிசை எண், வரி, ரிமார்க்ஸ்.

ஐந்தாவதுதான் தவறு. ரிமார்க்ஸ் கட்டம் காலியாக இருந்தால் எங்கள் ஊர் அதிகாரிகளுக்குக் கை சும்மா இருக்காது. எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டால் ஃபைலைப் படிக்கவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

மன்றக் கமிட்டியில் டிபார்ட்மென்ட்டுக்கு ஒருவர். ஃபைல் மூன்று வாரம் சுற்றியது. பல்லவி, ‘நீ போன வீட்டுல இன்னும் லைட்டு எரியுது.’ அதற்கு எதிரே இருந்த குறிப்புகள்:

மின்பிரிவு: ‘ஆளில்லாத வீட்டில் லைட் எரிவது மின் சிக்கனத்துக்கு முரண். திருத்தவும்.’

குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு: ‘வீடு காலி செய்யப்பட்டதா? சாவி ஒப்படைத்த விவரம் இல்லை.’

பாதுகாப்பு: ‘காதலன் எதில் போனார்? பைக் எனில் ஹெல்மெட் குறிப்பிடப்படவில்லை.’

மன்றச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம் இருக்கிற, சாந்தமான மனிதர்.

“சாவியும் ஹெல்மெட்டும் நான் பேசிக்கறேம்மா. லைட்டை மட்டும் அணைச்சிடு.”

“சார், பாட்டே அந்த லைட்டுதான்.”

“கரன்ட் தயாரிக்கற ஊர்ல நாமளே வேஸ்ட் பண்றோம்னு பாடலாமா? சொல்லு.”

அந்த வரியை எடுத்துவிட்டால் மிச்சம் ஹம்மிங்தான். எடுக்காவிட்டால் ஹால் இல்லை, பியானோ இல்லை. செல்வியிடம் ஃபைலைக் காட்டினேன்.

“இன்னா மேடம், அழுவறதுக்குக்கூட பர்மிட் கேட்டுகினு இருக்காங்க?” என்று சிரித்தார். பிறகு மின்பிரிவின் குறிப்பை மட்டும் இரண்டு முறை படித்தார். “அணைக்கத்தானே சொல்றாங்க? அணைச்சிடலாம், வுடுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாரே என்று.

ஞாயிற்றுக்கிழமை. வரியைத் திருத்திவிடுவதாகச் சொல்லி வாங்கிய ஹாலில் போர்வையை எடுத்தோம். இரண்டு மைக், ஒரு லேப்டாப், நான் பியானோவில். செயலாளர் திருத்தத்தைச் சரிபார்க்க ஃபைலும் பேனாவுமாக முன்வரிசையில் உட்கார்ந்தார். பல்லவி வந்ததும் செல்வி பாடினார்:

‘நீ போன வீட்டுல லைட்ட அணைச்சிட்டேன்...
பல்பு இன்னும் சுடுது.’

என் கை அடுத்த கட்டைக்குப் போக மறந்தது. அந்த டேக் வீண்.

செயலாளர் ஃபைலைப் பார்த்தார். “அணைச்சாச்சு. கரெக்ட்.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா எல்இடி பல்பு அப்படிச் சுடாதேம்மா?”

“எங்க வூட்ல குண்டு பல்புதான் சார். அதுவும் கரன்ட் இருந்தாத்தான்.”

மன்றத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். செயலாளர் அந்தப் பக்கம் பார்க்காமல், ‘திருத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “இன்னொரு தடவை பாடும்மா,” என்றார். அது ஃபைலுக்குத் தேவைப்படவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். தேவையில்லாமல் ரிமார்க்ஸ் கட்டம் வைக்காதீர்கள். வைத்துவிட்டால், அந்தப் பேப்பரை முதலில் பாடப்போகிறவரிடம் கொடுங்கள்.

தற்போதைய நிலை: சிங்கிள் வெளியாகிவிட்டது. பாடல் வரிகள் என்ற இடத்தில் என் பெயரும் செல்வியின் பெயரும் இருக்கின்றன. மின்பிரிவு அதிகாரி, அந்த வரி தன் யோசனை என்று கேன்டீனில் சொல்லி வருகிறார். பியானோவுக்கு மறுபடி போர்வை போர்த்திவிட்டார்கள். செல்வியும் நானும் இன்னும் கான்ட்ராக்ட்தான்.