மாலதியின் அம்மாவை நாங்கள் பார்த்த விதம்

உள்ளே நுழைந்ததும் குளிர்தான் முதலில் வந்தது... ஏர்கான் காற்று பட்டுக் கையில் முடியெல்லாம் எழுந்து நின்றது.

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை. புக்கிட் ரோத்தான் பக்கத்திலிருந்து எங்கள் ஐந்தாம் படிவ ஓவிய வகுப்பை, கோலாலம்பூரில் ஓர் ஓவியக்கூடத்துக்கு பஸ்ஸில் அழைத்துப் போயிருந்தார்கள். நான், சரசு, மாலதி மூவரும் ஒரே எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். ஒட்டிக்கொண்டே நடந்தோம்.

ஒரு படத்தின் முன்னால் மாலதி நின்றுவிட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து எங்கோ பார்க்கும் ஒரு மலாய்க்கார அம்மா. படத்துக்கு மேலே சின்னதாக ஒரு விளக்கு.

மாலதி சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு.

"அந்தம்மா யாரையோ திட்டப் போறாங்க, வாயப் பாத்தாலே தெரியுது" என்றேன் நான்.

"இல்ல லா, அசதி. வேல முடிஞ்சி இப்பதான் உக்காந்திருக்காங்க" என்றாள் சரசு.

"அவங்க எப்ப செத்தாங்களாம்?" என்று கேட்டாள் மாலதி.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் லயத்தில் ஒருவர் படத்துக்கு விளக்குப் போட்டிருந்தால் அவர் காலமாகிவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கூடத்திலோ எல்லாப் படத்துக்கும் விளக்கு...

அப்புறம்தான் உறைத்தது. மாலதியின் அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விளக்குப் போட அவள் வீட்டில் படமே கிடையாது. இருந்த ஒரே படம் ஐசியில், அடையாள அட்டையில், இருந்தது. மரணத்தைப் பதியப் போனபோது அதையும் ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு அவளே கேட்டாள்.

"ஒரே படத்த ரெண்டு பேரும் ரெண்டு மாரி பாத்திருக்கீங்க. எங்கம்மாவ எப்படிப் பாத்தீங்க? சொல்லுங்கடி. எனக்கு மொகம் மறந்துகிட்டே வருது."

"சிரிக்கறப்ப முந்தானையால வாய மூடிக்குவாங்க" என்றேன்.

சரசு வீடு ரோட்டோரம். அவள் சொன்னாள்: "நீ டியூஷன் முடிஞ்சி வர்ற பஸ் லேட்டானா ரோட்டுல வந்து நிப்பாங்க. நகத்தக் கடிச்சிக்கிட்டே இருப்பாங்க. பஸ் தெரிஞ்சதும் ஒண்ணுமே நடக்காத மாரி வீட்டுக்குப் போயிருவாங்க லா."

மாலதிக்கு அது தெரியவே தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். ஒரு முகத்தில் நான் பார்த்தது போக மீதியைப் பக்கத்தில் நின்றவளிடம்தான் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது படத்துக்குப் பஞ்சமே இல்லை. வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழுகிறது. ஒரு லைக் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். நீ என்ன பார்த்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன வருஷம் என் அம்மா தவறினார். போன் நிறைய அவர் படங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், எதையும் திறந்து பார்க்கத் தோன்றாமல் ரவாங்கில் இருக்கும் மாலதியைக் கூப்பிட்டேன்.

என்ன கேட்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "ஒங்கம்மா இருக்காங்களே..." என்று ஆரம்பித்துவிட்டாள்.