இடது பக்கத்தில் புள்ளி, வலது பக்கத்தில் கடிதம்

பிள்ளைகளே, போன தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் குடும்பத்தோடு வந்திருந்தபோது, பெரியவள் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். "அம்மாவுக்குக் கம்பியூட்டர்னா பயம். அதான் வகுப்ப விட்டுட்டாங்க" என்றாள். சின்னவனும் சிரித்துத் தலையாட்டினான். அம்மா இல்லாத தீபாவளி. இலையில் சோறு போட்டாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் பட்டாசுக்கு அவசரப்படுத்தினார்கள். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான்; வாயால் சொன்னால் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்குப் பயம் இல்லை. நடந்தது வேறு.

கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாம் இருந்த காலம். எனக்கு ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்தோரில் நிறுவை வேலை. அம்மா தோட்டத்து ஆபிஸில் டைப் அடித்தாள். எண்பதுகளின் கடைசியில் தோட்டத்தை வேறொரு கம்பெனி வாங்கியது. ஆபிஸைச் சிரம்பானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மரங்கள் இருந்தன, நான் இருந்தேன், அம்மாவுக்கு நாற்காலி இல்லாமல் போனது. காலையில் உங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வேலைக்குப் போகிறவள் மாதிரியே தலையை வாரிப் பின்னிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

அந்தச் சமயத்தில்தான் கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் இளைஞர் சங்கத்துக்காரர்கள் ஒரு பழைய கம்பியூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். படிப்பை விட்ட பெண்பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு வகுப்பு. அம்மாவை டீச்சராகக் கூப்பிட்டார்கள். சங்கத் தலைவர் தம்பின் டவுனில் லோரி வைத்துப் பிழைத்தவர், தங்கமான மனிதர். அவர் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"நீங்க ஒரு பாடப் புத்தகம் மாதிரி போட்டுக் குடுங்கம்மா. அத வெச்சி சுத்துவட்டாரத் தோட்டத்துல எல்லாம் வகுப்பு வைக்கலாம். எல்லாத்துக்கும் நீங்கதான் நிரந்தர டீச்சர். கமிட்டியில பேசிட்டேன் லா."

அன்றைக்கு அம்மா சட்டியில் மீனைக் கருக விட்டாள். கருகின மீனைச் சிரித்துக்கொண்டே அவளே சாப்பிட்டாள்.

அந்தக் காலத்துக் கம்பியூட்டர் உங்கள் கையில் இப்போது இருப்பதைப் போல இல்லை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, எல்லா எழுத்தும் ஒரே அளவு. தலைப்பு நடுவில் வர வேண்டுமென்றால் வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்து இரண்டு எழுத்து அடிக்க வேண்டும். ஒரு சொல் தடித்து வர வேண்டுமென்றால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். அடித்த புள்ளியும் குறியும் திரையில் அப்படியே நிற்கும். அச்சு மிஷின் கிரீச் கிரீச் என்று தாளைத் தள்ளும்போதுதான் அவை மறைந்து, தலைப்பு நடுவிலும் எழுத்து தடித்தும் வரும். பெண்பிள்ளைகள் இதில்தான் குழம்பினார்கள். "நான் அடிச்சது ஒன்னு, வர்றது ஒன்னா இருக்கே டீச்சர்" என்று ஒருத்தி அழவே அழுதாள்.

அதற்கு அம்மா கண்டுபிடித்த வழிதான் அந்தப் புத்தகம். விரித்தால் இடது பக்கத்தில் என்ன அடிக்க வேண்டும், புள்ளி, குறி எல்லாவற்றோடும். வலது பக்கத்தில் அதே கடிதம் தாளில் எப்படி வரும் என்பது. வேலைக்கு விண்ணப்பம், கூட்ட அறிவிப்பு, கடைக்குச் சரக்குக் கேட்டுக் கடிதம், எல்லாம் மலாயிலும் இங்கிலீஷிலும்.

சொல்வதற்கு எளிது. முதல் பாடத்தை அச்சடித்தபோது இரண்டு பக்கமும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒன்றாகவே வந்தன. இடது பக்கத்துப் புள்ளியையும் குறியையும் அந்த மிஷின் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, சொன்னபடி செய்துவிட்டு, அவற்றை விழுங்கிவிட்டது. "சொல்றதக் கேக்காத மாதிரி இதக் கேக்க வைக்கணுமே" என்று அம்மா தலையில் கை வைத்தாள். பிறகு ஒரு வழி பிடித்தாள். புள்ளிக்கு முன்னால் ஓர் இடம் விட்டு அடித்தால் மிஷினுக்கு அது கட்டளை என்று தெரியாது. வெறும் எழுத்து என்று நினைத்து அச்சடித்துவிடும். இடது பக்கம் அழகாக வந்தது.

வந்த வினை அதிலேயே இருந்தது. பிள்ளைகள் புத்தகத்தில் இருப்பதை அப்படியே அடித்தார்கள், அந்த இடத்தையும் விட்டு. கோயில் திருவிழாவுக்கு ரதம் இழுக்கப் போலீஸ் நிலையத்தில் அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தை வகுப்பிலேயே அடிக்கச் சொல்லியிருந்தார்கள். கோயில் பொருளாளர் அதை வாங்கிப் பார்த்தார்.

"என்னா லா இது, தலையில புள்ளி வெச்சி ரெண்டு எழுத்து? போலீஸ்காரன் கிட்ட ரகசியமா ஏதும் பேசறீங்களா?"

"அது தலைப்பு நடுவுல வர்றதுக்கு அங்கிள்" என்றாள் அடித்தவள்.

"நடுவுல வரலியே. ஓரமா நிக்கிது, அதுவும் நெத்தியில பொட்டு வெச்சிக்கிட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து அந்தப் பக்கங்களை எல்லாம் கிழித்தாள். "நம்மள நம்பிப் பாத்து அடிக்கிற புள்ள ஏமாறக் கூடாதுங்க" என்றாள். மூடின ஆபிஸிலிருந்து என் ஸ்தோருக்குத் தள்ளிவிட்ட பழைய டைப்ரைட்டரை நான் மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்துவந்தேன். டைப்ரைட்டருக்குக் கட்டளை ஏது? அடித்ததை அடித்தபடி போட்டது. இடது பக்கம் டைப்ரைட்டரில், வலது பக்கம் கம்பியூட்டரில், இரண்டையும் பசை போட்டு ஒட்டிக் கோலா பிலா டவுனில் நகல் எடுப்பது என்று முடிவானது. வலது பக்கத்தில் ஒரு கமா மாறினாலும் இடது பக்கத்தை மறுபடி அடிப்பாள். சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடம் இருக்காது. நீங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா?

புத்தகம் பாதியில் இருக்கும்போது அம்மாவின் கண் போகத் தொடங்கியது. இனிப்பு நீர் வியாதி அவளுக்கு நெடுநாளாக இருந்தது. கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். லேசர் வைத்தார்கள். கொஞ்சம் தெளியும், மறுபடி மங்கும். "யாரோ கறுப்பு நூலக் கண்ணு முன்னால தொங்க விட்டாப்புல இருக்குங்க" என்பாள். கோப்பியில் சீனியை நிறுத்தினாள், அரிசியைக் குறைத்தாள், என்னென்னவோ இலைகளை அவித்துக் குடித்தாள். நூல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சங்கத்தில் சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். கண் தெரியாத டீச்சரை யார் நிரந்தரமாக வைப்பார்கள்? அந்த வகுப்பும் போனால் மறுபடி தலையை வாரிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவளுக்கு அதுதான் நடுக்கம், கம்பியூட்டர் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடங்களைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டாள். நான் வலது பக்கத்துக் கடிதத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்தேன்.

"அத ஏன் படிக்கிறீங்க? அது வெறும் கடுதாசி. எனக்கு இடது பக்கத்தப் படிங்க."

"இதுல என்னம்மா இருக்கு, புள்ளியும் கோடுமா?"

"அதத்தான் படிங்க."

"புள்ளி... சி... ஈ..."

"ம். நடுவுல வந்திருச்சி. அடுத்து?"

"ஒரு நட்சத்திரம். அப்புறம் தலைப்பு. அப்புறம் கீழ வரி."

"தலைப்பு முடிஞ்சதும் நட்சத்திரம் இல்லியா?"

"இல்லியே."

"அப்ப கீழ உள்ளதெல்லாம் தடிச்சிப் போயிருக்குமே. வலது பக்கத்தப் பாருங்க."

பார்த்தேன். கடிதம் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது. அவளோ சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வலது பக்கத்துக்குக் கண் வேண்டும். இடது பக்கத்தை யாராவது படித்தால் போதும், அந்தத் தாளே அவள் மனசுக்குள் அச்சாகி வந்துவிடும்.

அப்படித்தான் புத்தகம் முடிந்தது. வகுப்பிலும் அப்படியே நடத்தினாள். பெண்பிள்ளைகள் திரையில் உள்ளதைச் சத்தமாகப் படிப்பார்கள், புள்ளி, குறி உட்பட. அம்மா கேட்டுக்கொண்டே, "மூனாவது வரியில குறிய மூடல" என்பாள். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. கண்ணைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இது டீச்சர் சொல்லிக்கொடுக்கும் முறை என்று நினைத்தார்கள். தலைவரும் ஒரு நாள் வந்து நின்று பார்த்துவிட்டு, அடுத்த மாதம் ரந்தாவ் பக்கத் தோட்டங்களிலும் தொடங்கலாம் என்றார். அந்த மாதம் அம்மா புதிதாக ஒரு கைப்பை வாங்கினாள்.

அடுத்த மாதம் வந்தது புதுக் கம்பியூட்டர். யாரோ நல்ல மனசுக்காரர் நன்கொடையாகக் கொடுத்தது. வெள்ளைத் திரை. கூடவே வாலுள்ள மவுஸ். அன்று நான்தான் அம்மாவை மோட்டாரில் கொண்டுபோய் விட்டேன். பெரியவளே, நீயும் முன்னால் உட்கார்ந்து வந்தாய். மண்டபத்தில் கல்யாண வீடு மாதிரி கூட்டம். தலைவர் வாசலிலேயே அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இனிமே ரெண்டு பக்கம் வேணாம் லா! தாள்ல எப்படி வருமோ அப்படியே திரையிலயே தெரியுது."

ஒரு பெண் ஓடிவந்து அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். "இங்க பாருங்க டீச்சர், தடிச்ச எழுத்து வேணும்னா இந்தப் படத்த அமுக்குனா போதும். அங்கேயே தடிச்சிருது."

"குறி எதுவும் அடிக்க வேணாமா?"

"குறியே கிடையாது டீச்சர்."

"அப்ப நீ தப்பா அமுக்குனா எனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாத் தெரியுமே டீச்சர்."

அந்தப் பெண் மவுஸை எடுத்து அவள் கைக்குள் வைத்தாள். "புடிங்க டீச்சர், கடிக்காது." பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். "மேல தள்ளுங்க... இல்ல டீச்சர், இந்தப் பக்கம்... அம்புக்குறி தாண்டிப் போயிருச்சி, தெரியுதா?" தெரியவில்லை. அம்மா தள்ளிக்கொண்டே போனாள். மவுஸ் மேசை விளிம்பைத் தாண்டி விழுந்து வயரில் தொங்கியது. அம்மா கையைச் சட்டென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவளே, நீ அப்போது கதவு ஓரத்தில் நின்றாய். அதைத்தான் பயம் என்று மனதில் வைத்திருக்கிறாய் போலும்.

தலைவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மெல்ல மெல்லப் பழகிரும்மா" என்றார்.

"பழகலாம் தலைவரே" என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது தோட்டத்துச் சந்தியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நீ பெட்டிக்கடையில் ஐஸ் வாங்க ஓடினாய். நான் சொன்னேன், "பழைய மிஷின ஒரு மூலையில வெச்சி நீ அதுலயே சொல்லிக் குடு. நான் தலைவர் கிட்டப் பேசறேன்."

"எதுக்கு? என் ஒருத்திக்காக அதுங்க பழசப் படிக்கணுமா? நாளைக்கி வேலைக்குப் போற எடத்துல சிரிப்பாங்க."

"அப்ப உன் புத்தகம்?"

"வலது பக்கம் மட்டும் போதும்னு ஆயிருச்சிங்க. நான் இருந்தது இடது பக்கத்துல."

பெரியவளே, நீ ஐஸோடு ஓடிவந்தாய், நான் வண்டியைக் கிளப்பினேன். அதன் பிறகு நீங்கள் பார்த்த அம்மாதான் உங்களுக்கு ஞாபகம் இருப்பவள்: வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாசலில் யார் நடந்தாலும் "யாரு?" என்று கேட்பவள். தலைவர் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். வேறு ஏதாவது வேலை தருகிறேன் என்றார். அம்மா அவருக்குக் கோப்பி கலந்து கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வாரம் மண்டபத்துச் சாவியை ஒப்படைக்க நான் மட்டும் போனேன். பழைய கம்பியூட்டரை வேறொரு தோட்டத்துப் பள்ளிக்குக் கொடுக்கிறார்கள், லோரி மத்தியானம் வரும், அதுவரை கட்டி வையுங்கள் என்று தலைவர் சொல்லியிருந்தார். மண்டபத்தில் யாரும் இல்லை. விசைப்பலகையைத் தூக்கியபோது விரலில் ஏதோ நெருடியது. திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். சில விசைகளின் மேல் பொட்டு அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் கீறி மோந்து பார்த்தேன். ஒட்டுப்பால், காய்ந்து கெட்டியான ரப்பர்ப் பால். என் வேலைச் சட்டையிலிருந்து எடுத்திருக்க வேண்டும். ஆள்காட்டி விரல்கள் தங்கும் இரண்டு விசையில், நட்சத்திரத்தில், புள்ளியில். அழுக்கேறி, தேய்ந்து, வழவழத்துப் போயிருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. எவ்வளவு நாளாக அவள் தடவித்தான் அடித்திருக்கிறாள்!

பள்ளிப் பிள்ளைகளின் விரலில் பிசுபிசுக்குமே என்று பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தேன். புள்ளி விசையில் இருந்தது லேசில் வரவில்லை. சட்டை நுனியை எச்சில் தொட்டுத் துடைத்தேன். பிறகு வயரைச் சுற்றி, பலகையைப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டினேன்.