சுவை பார்த்தவர் கையொப்பம்

அந்தத் தாளில் ஐந்து கட்டங்கள் இருந்தன. இறைச்சி வந்த நேரம், வந்தபோது அதன் குளிர்நிலை, சட்டியில் வைத்த நேரம், எடுத்தபோது நடுவில் இருந்த வெப்பம், கடைசியாகச் சுவை பார்த்தவர் கையொப்பம். முதல் நான்கையும் சட்டம் கேட்டது. ஐந்தாவதைச் சட்டம் கேட்கவில்லை, நான் கேட்டேன். தாளை உருவாக்கியவனும் நான்தான். ஊரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவனுக்கு ஒரு கட்டம் குறைந்தாலும் நித்திரை வராது. ஒஸ்லோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் கன்ரீனில் கோப்பை கழுவுவது. கழுவும் இயந்திரத்துக்கு மேலே தொங்கிய அறிவுறுத்தலில் இரண்டு பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் என்னைச் சமையல் பக்கம் எடுத்தார்கள். பத்து வருடத்தில் அந்தச் சமையலறையின் நடைமுறைக் கோப்பு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, என் கையெழுத்தாகிவிட்டது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் இருக்கும். எங்கள் சமையலறைத் தலைவி, ஒரு நோர்வேஜியப் பெண், அமெரிக்காவில் விடுமுறையைக் கழித்துவிட்டு ஒரு ஆசையோடு வந்து, மெல்லிய சூட்டில் வேகவைக்கும் மின்சாரச் சட்டிகளான ஸ்லோ குக்கர்கள் நான்கை வாங்கினார். பன்றித் தோளை நாள் முழுக்க வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, இனிப்பும் புளிப்பும் புகைமணமும் சேர்ந்த பார்பிக்யூ சோஸில் பிரட்டி, பணிசு எனும் பன் ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒஸ்லோவில் அந்த நாட்களில் அதை அறிந்தவர்கள் குறைவு. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு அதுதான் என்று அவர் முடிவு செய்தார். செய்முறையை எழுதும் பொறுப்பு, வழக்கம்போல, என்னிடம் வந்தது.

நான் ஆடு, கோழி, நண்டு, கணவாய் எல்லாம் சாப்பிடுகிறவன். பன்றி மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. அதற்கு மேல் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. காரணம் உள்ள விதிகளை நான் தேவைப்பட்டபோது வளைத்திருக்கிறேன். காரணம் இல்லாத விதிகளைத்தான் ஒருநாளும் மீறியதில்லை. ஆகவே வாயில் வைக்காமலே சமைப்பது என்று தீர்மானித்தேன். வெப்பமானி, தராசு, மணிக்கூடு மூன்றும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். மிச்சக் கால்வாசிக்கு ஒரு நாக்கு வேண்டும்.

அந்த நேரம் சமையலறையில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. தமிழர் இருவர் விண்ணப்பித்திருந்தார்கள். தலைவி என்னைக் கதைத்துப் பார்க்கச் சொன்னார். ஒருவர் தமிழ்நாட்டுப் பெண், கணவர் கணினி வேலைக்கு வந்தவர், இவர் ஊரில் பெரிய ஹோட்டலில் சமையல் பயிற்சி எடுத்தவர். “பன்றிக்கறி சமைப்பேன் சார், வாயில மட்டும் வைக்க மாட்டேன்” என்று நேராகச் சொன்னார். மற்றவன் ஊரில் எங்கள் பக்கத்து ஆள், நாற்பதை நெருங்குகிறவன், ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் ஓர் அறையில் இருந்தான். அவனை அன்று முதல் தம்பி என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பண்டி சாப்பிடுவியோ என்று கேட்டேன். “ஓம் அண்ணை, நல்லாச் சாப்பிடுவன்” என்றான். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியிலுமோ என்றேன். “இஞ்சை வெள்ளி என்ன, செவ்வாய் என்ன அண்ணை” என்று சிரித்தான். பயிற்சி பெற்ற பெண்ணை அனுப்பிவிட்டு, நாக்கு உள்ளவனை எடுத்துக்கொண்டேன்.

ஸ்லோ குக்கர் அவசரக்காரனுக்கு ஆகாது. வியாழன் காலை எலும்போடு வரும் தோளுக்கு உப்பு, பழுப்புச் சீனி, பப்ரிகாத் தூள், கடுகுத் தூள், சீரகம் எல்லாவற்றையும் நிறுத்துப் பூசிவைப்போம். மூன்று மணிக்கு வெங்காயத்தை வட்டமாக வெட்டிச் சட்டியின் அடியில் பரப்பி, கொஞ்சம் அப்பிள் சாறும் வினாகிரியும் விட்டு, மேலே இறைச்சியை வைத்து, குறைந்த சூட்டில் பத்து மணி நேரத்துக்குத் திருப்பிவிடுவோம். நேரம் முடிந்ததும் சட்டி தானாகவே சூடு காக்கும் நிலைக்கு மாறிக்கொள்ளும். ஆள் இல்லாத சமையலறையில் மின்சாரச் சட்டி ஓடலாமா என்று யாரும் கேட்க முன்னரே, கட்டடக் காவலாளி கையொப்பமிட ஒரு படிவம் செய்துவைத்திருந்தேன். இடையில் மூடியைத் திறக்கக்கூடாது, ஒருதரம் திறந்தால் அரை மணி நேரச் சூடு போய்விடும். நடுவில் தொண்ணூற்று மூன்று பாகை ஏறிய தோளில் எலும்பைப் பிடித்து இழுக்கத் தேவையில்லை, தொட்டால் கழன்று வரும். வெள்ளி காலை தம்பி இரண்டு முள்ளுக்கரண்டியால் பிய்ப்பான். நான் சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, அந்தச் சாற்றைச் சோஸோடு சேர்த்து வற்றவைப்பேன். பிறகு பிரட்டுவோம். பிறகு அவன் ஒரு சிறு கரண்டியில் அள்ளி, ஊதி, கழுவுதொட்டிப் பக்கம் திரும்புவான்.

எப்போதும் தொட்டிப் பக்கம்தான் திரும்புவான். வாய் வைத்த கரண்டியை உடனே கழுவ வேண்டும் என்று கோப்பில் எழுதியிருந்தேன். எழுதியதை ஒருவன் அப்படியே செய்கிறானே என்று எனக்குப் பெருமை. முதுகு என் பக்கம் இருக்க, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். பிறகு திரும்பித் தலையை ஆட்டி, தாளில் கையொப்பம் வைப்பான். சில வெள்ளிகளில் யோசிப்பான். “கொஞ்சம் புளிப்பு காணாது போல இருக்கு அண்ணை” என்பான். நான் வினாகிரி விட்டு, விட்ட அளவைக் கோப்பில் குறித்துவைப்பேன். அப்படி மூன்று தரம் செய்முறையே மாறியது. புளிப்பு இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது என்று தலைவி ஒருமுறை பாராட்டினார். நான் தம்பியைக் காட்டினேன். அவன் வெட்கப்பட்டான்.

நான்கு வருடம் இப்படிப் போயிற்று. அந்தக் காலத்தில் அவனுடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஹொல்ம்லியாவில் வீடு எடுத்தார்கள். நானும் மனைவியும் அம்மருட்டில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் அங்கே போவோம், அவர்கள் இங்கே வருவார்கள். என்னோடு கூடப்பிறந்தவர்கள் நாலு நாட்டில் இருக்கிறார்கள். ஒஸ்லோவில் உடன்பிறப்பு என்று யாரையாவது காட்டச் சொன்னால் அவனைத்தான் காட்டியிருப்பேன்.

பிறகு தலைவி வேறு ஊருக்கு மாறப்போகிறார் என்ற செய்தி வந்தது. அவருடைய இடத்துக்கு முறைப்படி விளம்பரம் போட்டார்கள். நான் விண்ணப்பித்தேன். தம்பியும் விண்ணப்பிக்கப் போகிறேன் என்றான். போட்டு வை, அனுபவம்தானே என்று அவன் விண்ணப்பத்தில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவனும் நான்தான். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. ஊரில் அலுவலகமும் கையொப்பமும் இருந்த ஒருவன், கோப்பை கழுவுகிறவனாகத் தொடங்கிய நாட்டில் கடைசி ஐந்து வருடமாவது ஒரு கதவில் தன் பெயரைப் பார்க்க ஆசைப்பட்டால் அது பேராசை இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனது நேர்முகம் ஒரு வியாழன் காலை. நான் மேல்மாடியில் என் தகைமைகளை விளக்கிக்கொண்டிருந்த நேரம் கீழே இறைச்சி வந்தது. அந்த வாரம் வழமையான தோள் முடிந்துவிட்டதாக்கும், உப்புநீரில் ஊறிய தோளை அனுப்பியிருந்தார்கள். பெட்டியில் அது எழுதப்பட்டிருந்ததாம். பிரித்தவர்கள் பெட்டியை எறிந்துவிட்டார்கள். நான் இறங்கி வந்தபோது தட்டில் இருந்தது வெறும் இறைச்சி. அதற்கு மேல் என் முழு உப்பையும் நிறுத்துப் பூசினேன். வெப்பம் சரி, நேரம் சரி, நிறை சரி. மறுநாள் காலை தம்பி கரண்டியோடு திரும்பினான், தண்ணீர் ஓடியது, தலையாட்டினான், கையொப்பம் வைத்தான். அன்று மதியம் கட்டடத்தின் பெரிய தலைகள் எல்லாம் விருந்தினரோடு கீழே இறங்கி வந்திருந்தார்கள். தட்டுகள் கிட்டத்தட்ட நிரம்பியபடி திரும்பி வந்தன. தண்ணீர்ச் சாடிகள்தான் வெறுமையாக வந்தன.

திங்கட்கிழமை தலைவி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் என் தாள் இருந்தது. நோர்வேஜியர் கோபத்தைக் கோப்பி ஊற்றிக் கொடுத்துத்தான் காட்டுவார்கள். ஆளுக்கொரு கோப்பி. கையொப்பம் உன்னுடையது, உனக்கு உப்புத் தெரியவில்லையா என்று தம்பியைக் கேட்டார். அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, தான் உப்பென்று சொன்னதாகவும், நான் தாளைக் காட்டி அளவு சரி என்று சொல்லிக் கையொப்பம் வைக்கச் சொன்னதாகவும் சொன்னான். நல்ல நோர்வேஜிய மொழியில், திருத்தமாக. தலைவி என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார்.

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால், பதவிக்குப் போட்டியிடும் இரண்டு தமிழரில் ஒருவன் மற்றவனைப் பொய்யன் என்று சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்தேன். வெளியே போய் அவனோடு கதைத்துக்கொள்ளலாம், அவனே திரும்பி வந்து உண்மையைச் சொல்வான் என்று நினைத்தேன். நான் யோசித்த நேரத்தைத் தலைவி பதிலாக எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அவன் ரெயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். மறுநாள் கேட்கலாம், அதற்கு மறுநாள் கேட்கலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். அடுத்த மாதம் கதவில் அவன் பெயர் வந்தது.

ஐந்து வருடம் அவனுக்குக் கீழே வேலை செய்தேன். அவன் என்னை அண்ணை என்றுதான் கூப்பிட்டான், கோப்பில் கைவைக்கவில்லை, லீவு கேட்டால் தந்தான். தலைவனாகி அவன் செய்த முதல் வேலை, வெள்ளிக்கிழமைப் பன்றியை நிறுத்தியதுதான். நான்கு சட்டிகளும் களஞ்சிய அறைக்குப் போயின. அதை வெட்கம் என்று நினைத்தேன். தான் செய்தது கண்முன்னால் வாரா வாரம் வேகுவதை அவனால் தாங்க முடியவில்லை என்று நினைத்து, கொஞ்சம் இரக்கம்கூடப் பட்டேன். மன்னிப்பதற்கு அந்த வெட்கம் போதும் என்று சில நாட்களில் தோன்றியதும் உண்டு.

நான் ஓய்வு பெற்று நெடுங்காலத்துக்குப் பிறகு, ஒஸ்லோவிலேயே ஸ்டோவ்னர் பகுதியில் ஒரு மண்டபத்தில் தெரிந்தவர் வீட்டுக் கலியாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கே பிறந்த பிள்ளைகள். அவர்களுடைய நோர்வேஜியக் கூட்டாளிகளுக்கென்று ஒரு மேசையில் பிய்த்த பன்றி இறைச்சியும் பணிசும் வைத்திருந்தார்கள். இப்போது அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. தம்பியின் மனைவி பக்கத்தில் நின்றார். மனம் கொஞ்சம் இளகி, “தம்பிக்கு ஒண்டு எடுத்துக் குடுங்கோ, கண்டா விடமாட்டான்” என்றேன்.

அவர் சிரித்தார். “என்ன பகிடி அண்ணை? இவர் பண்டி தொடவே மாட்டாரே. கலியாணத்துக்கு முதலே முருகனுக்கு வைச்ச நேர்த்திக்கடன். இவ்வளவு வருசம் கன்ரீனில நிண்டும் ஒருநாள் வாயில வைக்கேல்லை எண்டு நான் ஊரில எல்லாருக்கும் பெருமையாச் சொல்லுறனான்.”

அவனை மேலங்கிகள் தொங்கும் இடத்தில் பிடித்தேன். மனைவி சொன்னதைச் சொன்னேன்.

“நீங்கள் முதல்நாள் என்ன கேட்டனீங்கள் அண்ணை? வேலை தெரியுமோ எண்டு கேக்கேல்லை. பண்டி சாப்பிடுவியோ எண்டு கேட்டனீங்கள். மனுசி பிள்ளையளைக் கூப்பிட எனக்கு வேலை வேணும். இல்லை எண்டு சொல்லவோ?”

“அது முதல்நாள். பிறகு நாலு வருசம்?”

“பிறகு எப்பிடிச் சொல்லுறது?”

உப்பென்று எனக்குச் சொன்னதாகச் சொன்னாயே, அது என்னத்துக்கு என்றேன். அவன் மேலங்கியின் ஸிப்பை இழுத்து மூடினான். “தலைவி நேரா கேட்டவ. வாயிலயே வைக்கேல்லை எண்டா அண்டைக்கே என்னை அனுப்பியிருப்பா. நீங்கள் தாங்குவியள் எண்டு நினைச்சன்.”

பதவிக்காக ஒருவன் பொய் சொல்வது எனக்கு விளங்கும். நான் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். அந்தத் திங்கட்கிழமைப் பொய்யோடு வாழப் பழகியும் விட்டேன். அதற்கு முந்திய நான்கு வருடத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நான் அளந்து விட்ட வினாகிரியை என்ன செய்வது? இல்லாத ருசிக்கு மூன்று தரம் திருத்திய செய்முறை அது. கோப்பில் தேதியோடு இருக்கிறது, என் கையெழுத்தில். என்னிடம் இருந்த நம்பிக்கை முழுவதையும் ஒரு தண்ணீர்க்குழாய்ச் சத்தத்தில் வைத்திருந்திருக்கிறேன். உண்மையைச் சொன்ன பெண்ணை அதற்காகவே அனுப்பியும் இருக்கிறேன்.

அடுத்த வாரம் ஒரு ஸ்லோ குக்கர் வாங்கினேன். தோள் வாங்கினேன், பெட்டியில் எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். விடிய ஏழு மணிக்கு வைத்து மாலை ஐந்து மணிக்கு எடுத்தேன். என் மனைவி வாடை போக ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, மேலங்கியோடு மற்ற அறையில் இருந்தாள். இந்த வயதில் என்ன பிடிவாதம் என்று கேட்டாள். எலும்பு கழன்று வந்தது. பிய்த்தேன், சாற்றை வற்றவைத்தேன், பிரட்டினேன். சிறு கரண்டியில் அள்ளி, ஊதி, வாயில் வைத்தேன்.

மெதுவாக மென்றேன். ஆட்டைப் போலவும் இல்லை, கோழியைப் போலவும் இல்லை. உப்பு அளவாக இருந்தது. அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. மற்றதெல்லாம், இனிப்பு இவ்வளவு இருக்கலாமா, புளிப்புக் கூடவா குறைவா, இறைச்சி இப்படித்தான் இருக்க வேண்டுமா, எதையும் எதனோடும் ஒப்பிட எனக்கு வழி இருக்கவில்லை.

“எப்பிடி இருக்கு?” என்று மனைவி மற்ற அறையிலிருந்து கேட்டாள்.

“தெரியேல்லை,” என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. இருநூறு வெள்ளிக்கிழமையாவது இருந்திருக்கும். ஒன்றிலாவது அவன் அதை என்னிடம் சொல்லியிருக்கலாம்.