அணைக்கட்டுக்கு வந்த சீர்

கரும்புச் சோகை கையைக் கீறினால் பூமாலைக்குப் பெரிதாக வலிக்காது. வெயிலும் அவளை ஒன்றும் செய்யாது. மேஸ்திரி பழனி கோபத்தில் நாலு வார்த்தை ஏசினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஆனால் மகளின் தலைமுடியைப் பார்த்து யாராவது, "பாப்பாவுக்கு எப்போ மொட்டை போட்டு காது குத்தப்போற?" என்று கேட்டுவிட்டால் போதும், அங்கே நிற்க மாட்டாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வரப்புப் பக்கம் நழுவிவிடுவாள்.

கேட்பவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. மாசி வந்தால் எழில்மதிக்கு மூன்று வயது முடிகிறது. பிறந்த முடி தோளைத் தொட்டுவிட்டது. காது இரண்டும் பொட்டுத் தங்கம் இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கின்றன. கச்சிராயபாளையம் பக்கத்து ஊர்களில் ஒரு பெண்பிள்ளையை இத்தனை நாள் இப்படி விட்டுவைத்தால் ஊர் கேட்கத்தான் கேட்கும். ஊருக்கு வேறு என்ன வேலை?

பூமாலைக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மொட்டை போட, காது குத்த, பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்த மாமன் சீர்த்தட்டோடு வந்து இறங்க வேண்டும். பூமாலைக்கு அண்ணன் கிடையாது, தம்பி கிடையாது, அண்ணன் முறை என்று கைகாட்ட ஒரு பெரியப்பன் மகன்கூடக் கிடையாது. கள்ளக்குறிச்சியில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள் அவள். அங்கே தன்னைக் கொண்டுவந்து விட்டது யார் என்பதுகூடத் தெரியாது. இல்லத்துச் சுற்றுச்சுவருக்குச் செங்கல் இறக்க வந்த வீரமணி அவளைப் பார்த்து, பிடித்துப்போய், முறையாக வந்து கேட்டு, ரிஷிவந்தியம் கோயிலில் தாலி கட்டிக் கூட்டிவந்தான். அன்றைக்கும் பெண்வீட்டுப் பக்கம் காலியாகத்தான் இருந்தது. வளைகாப்பின்போது விவரம் தெரியாத ஒருத்தி, "அம்மா வூட்டு வளையல் எங்க?" என்று கேட்டுவிட, பூமாலை சிரித்துச் சமாளித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வீரமணி தங்கமான ஆள். "யாரையாவது புடிச்சி உக்கார வெச்சிக் குத்திடலாம் வுடு" என்பான். அந்த 'யாரையாவது' என்பதுதான் அவளுக்குக் கசந்தது. இரவல் மாமனைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், இவளுக்கு நாதி இல்லை என்று தண்டோரா போட்டது போல ஆகாதா? நாளைக்குப் பெரியவளான பிறகு எழில்மதியும் கேட்பாள், அந்த மாமன் எங்கே என்று. அதற்கு என்ன பதில் சொல்வது? யோசித்து யோசித்து அவளுக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அப்போதுதான் அவளுக்குக் கேக் ஞாபகம் வந்தது.

இல்லத்தில் இருந்த காலத்தில் வசதியான வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளை அங்கே வந்து கொண்டாடுவார்கள். பூமாலை வரிசையில் நின்று கை தட்டுவாள், பாட்டுப் பாடுவாள், கேக் துண்டும் பிரியாணியும் வாங்கிக்கொண்டு சத்தமாக நன்றி சொல்வாள். எத்தனையோ பிறந்தநாள் பார்த்திருக்கிறாள். ஒன்றிலாவது தாய்மாமன் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அப்பா, அம்மா, பிள்ளை, ஒரு கேக், அவ்வளவுதான். அடடா, இது நமக்கென்றே செய்து வைத்த விசேஷம் போல இருக்கிறதே என்று நினைத்தாள்.

"பாப்பாவுக்கு பர்த்டே வெக்கலாம்யா. அணைக்கட்டு பார்க்குல" என்றாள் வீரமணியிடம்.

"பார்க்குலயா? வூட்ல வெச்சா இன்னா?"

"நம்ம வூட்ல நாலு பேரு நின்னா அஞ்சாவது ஆளு தெருவுல நிக்கணும். அங்கன்னா ஊஞ்சல் இருக்குது, சறுக்கு மரம் இருக்குது. புள்ளைங்க வெளையாடும்."

"யாரக் கூப்புடறது?"

"நம்ம வெட்டு ஆளுங்கள."

மகள் விஷயத்தில் வீரமணி எதற்கும் தலையாட்டுவான். இதற்கும் ஆட்டினான்.

வெட்டு ஆட்களுக்கு ஒரு வாய் சோறு போட வேண்டும் என்பது பூமாலைக்கு வெகுநாள் ஆசை. கைக்குழந்தையோடு கரும்பு வெட்டப் போனவள் அவள். தோட்டத்து ஓரம் வேப்பமரத்தில் சேலையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுத்தான் கத்தியைக் கையில் எடுப்பாள். குழந்தை அழுதால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஓடுவார்கள். ஆட்களிலேயே மூத்தவளான கொளஞ்சியம்மாள், தலையில் இருந்த கரும்புக் கட்டைப் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறாள். ஒருமுறை பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு கண் செருகியபோது, ஆலைக்கு லோடு ஏற்ற வேண்டிய டிராக்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, பழனிதான் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். எழில்மதி நடை பழகியதே அவர்கள் வெட்டிப்போட்ட கரும்புக்கு நடுவில்தான். இதற்கெல்லாம் பூமாலை ஒருநாளும் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

கோளாறு அவர்களை அழைக்கப் போன இடத்தில் நடந்தது. பர்த்டே என்ற சொல்லை வீரமணியிடம் சுலபமாகச் சொன்னவளுக்கு, கொளஞ்சியம்மாள் வாசலில் நின்றதும் நாக்கு எழவில்லை. கூலிக்குப் போகிறவள் பர்த்டே கொண்டாடுகிறாளா என்று சிரித்துவிட்டால்? வெறுங்கையோடு போய்க் கூப்பிடுவதும் மரியாதையாகப் படவில்லை. பெரியவர்களை அழைக்க அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு வீடு வீடாகப் போனாள்.

"இன்னாடி, தட்டோட வர?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"பாப்பாவுக்கு ஒரு விசேஷம்க்கா. ஞாயித்துக்கெழம அணைக்கட்டு பார்க்குக்கு எல்லாரும் வந்துடுங்க."

கொளஞ்சியம்மாள் வெற்றிலையைப் பார்த்தாள், பிள்ளையின் தலைமுடியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்துத் தண்ணி இருக்கற எடம். நல்லதுதான்" என்று குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். "மேஸ்திரிகிட்ட சொல்லிட்டியா?"

"இனிமேதான்க்கா போறேன்."

"மொதல்ல அவன்கிட்ட இல்ல போயிருக்கணும்."

மேஸ்திரிக்குத்தானே முதல் மரியாதை, அதைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பூமாலை நடையைக் கட்டினாள். பழனியும் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வந்துடறோம்மா" என்றான். எந்த ஊரிலாவது கேக் வெட்டுவதற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்களா? நம் பூமாலை அழைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தக்காளி சாத அண்டா, கேக் பெட்டி, பலூன் பாக்கெட்டோடு மூன்று பேரும் கோமுகி அணைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தார்கள். காவலாளி அண்டாவைத் திறந்து பார்த்தார். "பர்த்டேன்னா செய்ங்க. அடுப்பு மூட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது" என்றார். வீரமணி புங்கமரத்தில் பலூன் கட்டினான். எழில்மதி ஊஞ்சலை விட்டு இறங்க மறுத்தாள்.

சொன்ன நேரம் வந்தது, போனது. ஒருவரையும் காணவில்லை. வெயில் ஏற ஏற ஒவ்வொரு பலூனாக வெடித்தது. கேக்கின் மேல் எழுதியிருந்த எழில்மதி இளக ஆரம்பித்தாள். மலைக்குப் போகிற பஸ்கள் கரியாலூர்ப் பக்கம் ஏறிப் போவதை வேடிக்கை பார்ப்பது போல, பூமாலை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டார்கள் போல. விசேஷமாம் விசேஷம், அதுவும் பார்க்கில் என்று பேசியிருப்பார்கள். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் கை தட்டினேன், என் பிள்ளைக்குக் கை தட்ட ஆள் இல்லை என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வண்டி கெடைச்சிருக்காது. வருவாங்க" என்றான் வீரமணி. அவனுக்கும் நம்பிக்கை இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் ரோட்டில் மேளச் சத்தம் கேட்டது.

கரும்பு ஏற்றுகிற டிராக்டரின் டிரெய்லரைக் கழுவி, மஞ்சள் பூசி, முன்னால் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மேளக்காரர் முதலில் இறங்கினார். பின்னால் பெண்கள் ஆளுக்கு ஒரு தட்டோடு இறங்கி வரிசை கட்டினார்கள். பட்டுப்பாவாடை ஒரு தட்டில், வளையல் ஒரு தட்டில், பழம், பூ, வெல்லம், கரியாலூரில் வாங்கிய மலைத்தேன் பாட்டில் ஒரு தட்டில். எல்லோருக்கும் முன்னால் பழனி. எந்நேரமும் அழுக்கு லுங்கியில் திரிகிற மனிதன் புது வேட்டி சட்டையில், கையில் ரோஜா மாலையோடு, கல்யாண மாப்பிள்ளை போல நடந்து வந்தான். காவலாளி விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்துவிட்டார்.

"மச்சான், நேரம் போய்க்கினு இருக்குது" என்றான் பழனி வீரமணியிடம். "ஆசாரி எங்க?"

"ஆசாரியா? எதுக்கு?"

"காது குத்த ஆசாரி இல்லாம கொத்தனாரையா கூப்புடுவாங்க?"

பூமாலைக்கு அப்போதுதான் புரிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை பேர் குளித்து, உடுத்து, மேளம் வைத்து வந்து நிற்கிறார்கள். இங்கே இருப்பது ஒரு கிலோ கேக். இனி மறைத்துப் பயனில்லை.

"காது குத்து இல்லண்ணே" என்றாள். "பர்த்டேதான். கேக்கு வெட்டத்தான் கூப்புட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சி."

மேளம் நின்றது. தட்டு ஏந்திய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப காது குத்து எப்போ?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"எப்பிடிக்கா குத்துவேன்? மாமனுக்கு எங்க போவேன் நான்?" இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னதும் பூமாலைக்குக் குரல் உடைந்தது. "கேக்கு வெட்டறதுக்குன்னா மாமன் வேணாம். அதான்க்கா."

கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டைத் தரையில் வைத்தாள். "எங்களக் கேட்டியாடி நீ? இந்தப் புள்ள யாரு இடுப்புல வளந்துச்சி? நீ தட்டு எடுத்துகினு வந்த அன்னிக்கே, பூமாலைக்கு அம்மா வூடு நாமதான்னு பேசி, ஆளுக்கு ஒரு தட்டுன்னு எடுத்தோம். மாமன் இல்லையாம்."

பழனி அவளைக் கையமர்த்தினான். அவனுக்குப் பேச்சு கம்மி. ஏச மட்டும்தான் நன்றாக வரும். "நான் வீரமணிய மச்சான் மச்சான்னு கூப்புடறேனே, அது இன்னா சும்மா வாய்ப்பேச்சா? மச்சான் பொண்டாட்டி எனக்குத் தங்கச்சிதான? ரெண்டு வருசமா, இப்ப கூப்புடும் அப்ப கூப்புடும்னு பாத்துக்கினே இருந்தேன். நானா வந்து கேட்டா நல்லா இருக்காதுன்னு வுட்டுட்டேன்" என்றான்.

தனக்கு ஆள் இல்லை என்று பூமாலை ஒளிந்துகொண்டிருந்த அதே இரண்டு வருடமும், ஒருவன் அழைப்புக்குக் காத்திருந்திருக்கிறான். அவனும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. நல்ல அண்ணன், நல்ல தங்கச்சி.

காவலாளி விசிலை எடுத்துவிட்டு, "மொட்டை கிட்டை எல்லாம் பார்க்குல கூடாதுங்க" என்று இழுத்தார்.

"மொட்டை இல்லீங்க, கேக்குதான்" என்றாள் கொளஞ்சியம்மாள். "மாமன் மடியில உக்காந்து கேக்கு வெட்டக் கூடாதுன்னு போர்டு ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

அப்படி ஒரு போர்டு இல்லை. பழனி சிமெண்டு பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பட்டுப்பாவாடை கட்டிய எழில்மதி, காலடியில் புரளும் மாலையோடு, தன் சொந்த இடம் போல அவன் மடியில் ஏறி அமர்ந்தாள். பிறந்தநாள் பாட்டு அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் பூமாலை ஒருத்திதான். அவள் பாட, வெட்டு ஆட்கள் காய்ப்பேறிய கைகளால் தட்டினார்கள். மேளக்காரரும் தன் பங்குக்கு இரண்டு தட்டு தட்டினார். பாதியில் பூமாலை பாட்டை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மீதியை எழில்மதி தன் இஷ்டத்துக்கு முடித்துவைத்தாள். முதல் துண்டு மாமன் வாய்க்குப் போவதற்குள் பாதி அவன் மீசைக்குப் போயிற்று.

சோறு ஆளுக்குக் கை அளவுதான் வந்தது. சீர்த்தட்டுப் பழங்களை உரித்துப் பங்கு போட்டார்கள். காவலாளிக்கும் ஒரு இலை வைத்தார்கள். பங்குனியில் நல்ல நாள் பார்த்து, ஆசாரியைத் தானே கூட்டிவருவதாகப் பழனி சொன்னான். அவளைக் கேட்கவில்லை, முடிவாகச் சொல்லிவிட்டான். ஒவ்வொருவருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போன பூமாலைக்கு மனசு நிறைந்து வழிந்தது. இல்லத்தில் கற்றுக்கொடுத்த அந்த நன்றி என்ற சொல் இத்தனை பேருக்கு எப்படிப் போதும் என்று தெரியாமல், கொளஞ்சியம்மாளின் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். "சோத்துல வுழுவுது பாரு" என்று கொளஞ்சியம்மாள் இலையை நகர்த்திக்கொண்டாள். தோளை நகர்த்தவில்லை.

சாயங்காலம் வீட்டில் பூமாலை சீர்த்தட்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீரமணி பாவாடையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "நீளம் ஜாஸ்தி" என்றான். பழனி வாங்கி வந்திருந்த கம்மலை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். "இது அரிசி சைஸ்ல இல்ல இருக்குது. இன்னா பெரிய சீரு."

பூமாலை வெடுக்கென்று கம்மலைப் பிடுங்கினாள். "எங்கண்ணன் செஞ்சத கொறை சொல்ற வேலைய வெச்சிக்காத. எங்க வூட்டு ஆளுங்க வந்து எறங்குன மாதிரி உங்க வகையில எவளுக்காவது வந்துச்சா? சொல்லு பாப்போம்" என்று படபடவென்று பொரிந்தாள்.

தெருவில் எல்லாப் பெண்களும் மாசத்துக்கு ஒருமுறையாவது அம்மா வீட்டுக்காகப் புருஷனோடு போடுகிற சண்டைதான். பூமாலைக்கு அது முதல் தடவை. வீரமணி பாவாடையை மடித்து அவள் மடியில் வைத்துவிட்டு, "தப்புதான் தாயே" என்றான்.