துணி போர்த்திய டிவியும் பாங்குப் பெட்டியும்

நாகல் நகர் சௌகத் அலிக்குக் கண்ணைவிடக் கைதான் கூர்மை. முப்பது வருடமாகத் தோல் மண்டியில் ஆட்டுத்தோலைத் தடவித் தடவியே தரம் பிரிக்கிறவர். முள் கீறினது எது, உண்ணி கடித்தது எது என்று பார்க்காமலே சொல்லிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் வீண் விரயம் பற்றிப் பயான் கேட்டுவிட்டு வந்தவர், வீட்டில் இருந்த சார்ஜர், டிவியின் செட்டாப் டப்பா, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தோலைப் போலவே தடவிப் பார்த்தார். எல்லாம் வெதுவெதுவென்று இருந்தன.

"நர்கீஸு, தொட்டுப் பாரு. அணைச்சு வச்சும் கரண்ட்ட உறிஞ்சிக்கிட்டு இருக்கு. நாளைக்கு அல்லாஹ்கிட்ட இதுக்கும் நாமதான் பதில் சொல்லணும்."

"மொதல்ல பிரிட்ஜ் கதவச் சாத்துங்க. தண்ணி எடுத்து அஞ்சு நிமிசமாச்சு" என்றார் அவர் மனைவி.

மறுநாளே எலக்ட்ரிக் கடை கிறிஸ்துராஜ் ஒரு பவர் போர்டைக் காட்டினார். "முதல் ஓட்டையில டிவியச் சொருகுங்க பாய். டிவிய அணைச்சா மத்த ஓட்டையெல்லாம் தன்னால செத்துரும்."

சௌகத் அலி அதை வாங்கி வந்து டிவி, டப்பா, ஸ்பீக்கர் என்று வரிசையாகச் சொருகினார். ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. அதை வீணாக்குவானேன் என்று பாங்குப் பெட்டியையும் அதிலேயே சொருகினார். பள்ளிவாசல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே தொழுகைக்கு அழைத்துச் சொல்லும் பாங்கு சந்தை இரைச்சலில் வீடு வந்து சேராது. அதை ரேடியோபோலப் பிடித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி அது. பிறகு யாரும் கை வைத்துவிடக் கூடாதென்று போர்டை பீரோவுக்குப் பின்னால் தள்ளி, டேப் போட்டு ஒட்டிவிட்டார்.

"இந்த போர்டுலயே ஒரு சிவப்பு லைட்டு எரியுதே?" என்றார் நர்கீஸ்.

"அது காவக்காரன். அவன் முழிச்சுத்தான் இருக்கணும்."

அந்த வீட்டில் டிவி விடியுமுன்பிருந்தே ராத்திரிவரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பாங்குப் பெட்டியும் ஐந்து வேளையும் ஒழுங்காகப் பேசிற்று. பிறை தெரிந்த அன்றைக்குத்தான், வருடா வருடம் செய்வதுபோல, டிவியை அணைத்துக் கனத்த துணியைப் போர்த்தினார்கள். நோன்பு மாதம் முழுக்க அந்தத் துணி விலகாது.

மறுநாள் மாலை முதல் நோன்பு திறக்கக் கொடைரோட்டிலிருந்து இஃப்பத் வந்திருந்தார். அவர் மகனுக்கும் சௌகத் அலியின் மகள் ருக்ஸாருக்கும் பேச்சு முடிந்து, நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்த அம்மாள் முதலிலேயே சொல்லியிருந்தார்: "டிவியே கதின்னு கெடக்கிற வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்." வந்ததும் துணி போர்த்திய டிவியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. ருக்ஸாருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பேரீச்சம்பழமும் கஞ்சியும் முன்னால் இருக்க, எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள். நேரம் ஆயிற்று. பெட்டி பேசவில்லை. முந்தின ராத்திரியிலிருந்தே அது பேசாததை, முதல் நோன்பு அவசரத்தில் வீட்டில் எவரும் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டில் தம்ளர் சத்தம் கேட்டது.

"ஏண்ணே, உங்க தெருவுல மட்டும் சூரியன் லேட்டாத்தான் மறையுமா?" என்றார் இஃப்பத்.

அப்போதுதான் சௌகத் அலிக்கு உறைத்தது. பீரோவை நகர்த்த ஆள் வேண்டும். டேப்பைப் பிரிக்கக் கத்தி வேண்டும். பதறிப்போய்த் துணிக்குள் கையை விட்டு, தடவியே டிவியின் பொத்தானை அழுத்தினார். அந்த நொடியே பெட்டி உயிர்பெற்று, பாதி பாங்கிலிருந்து தொடங்கிற்று. பிஸ்மி சொல்லி எல்லோரும் பழத்தை வாயில் வைத்தார்கள். நல்லவேளை, டிவி டப்பா விழிக்க மூன்று நிமிடம் எடுத்தது. பாங்கு முடிந்து துஆவும் ஓதி, வீடே அமைதியான பிறகுதான் துணிக்குள்ளிருந்து ஒரு பெண் ஓவென்று அழுதாள்:

"அத்தை, சத்தியமா அந்த நகையை நான் எடுக்கலை!"

ருக்ஸாரின் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் போயிற்று என்றே நினைத்தாள். சௌகத் அலி வேர்த்துப்போய், "கரண்ட்ட மிச்சம் புடிக்கத்தாம்மா... டிவி ஓடுனாத்தான் பாங்குப் பெட்டி ஓடும்னு ஆகிப்போச்சு..." என்று குழறினார்.

இஃப்பத் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அடப் பாவமே, இன்னமுமா இந்த நகைப் பஞ்சாயத்து முடியல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நர்கீஸ் மெல்ல, "எடுத்தது கொழுந்தன்தான் சம்பந்தியம்மா. நேத்துத்தான் காமிச்சாங்க" என்றார்.

"நெனச்சேன்! அவன் முழியே சரியில்ல."

ருக்ஸார் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"சரிண்ணே, தொழுதுட்டு வந்து நாளக் குறிச்சிருவோம்" என்று இஃப்பத் எழுந்தார். சௌகத் அலி நிம்மதியோடு டிவியை அணைக்கத் துணிக்குள் கையை விட்டார்.

"அத ஏண்ணே அணைக்கிறீங்க?" என்றார் இஃப்பத். "ராத்திரி இஷா பாங்கு கேக்க வேணாமா?"