அண்ணாவின் முந்நூறாவது அட்டை

எங்கள் அண்ணா கண் மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையான நான் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். பேனாவை எடுப்பதற்கு முன்பே பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, அந்த அட்டைக் கதையை விட்டிடு. நாலு பேர் வாசிக்கிறது" என்றார். விடமாட்டேன். அந்த நாலு பேருக்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணா பருத்தித்துறையில் பிறந்தார். ஒன்பது வயதில், என்னைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாவின் சேலையைப் பிடித்தபடி ஜேர்மனிக்கு வந்தார். அப்பா வந்து சேரவே இல்லை. பிராங்பேர்ட்டுக்கு அருகே ஓர் அகதிகள் விடுதியில், ஒரே அறையில் நான்கு ஆண்டுகள் இருந்தோம். அலுவலகங்களில் அம்மாவுக்காகப் பேசியதும் விண்ணப்பங்கள் நிரப்பியதும் அண்ணாதான். பிறகு விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலைக்குப் போனார், அந்தச் சம்பளத்தில் என்னைப் படிப்பித்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை.

அவருக்கு இடக்கைப் பழக்கம். விருந்தில் இடக்கையால் கரண்டியைத் தொட்டால் போதும், யாராவது ஒரு மாமி முகம் சுளிப்பார். அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் சாமான்கள் பழைய பொருள் சந்தைக்கு வந்திருந்தன. அவற்றுக்குள் ஒரு பேஸ்போல் பந்தாட்ட அட்டையைக் கண்டார். உள்ளங்கை அளவு கெட்டித்தாள், ஒரு பக்கம் வீரரின் படம், மறுபக்கம் அவர் ஆடிய விபரம். படத்தில் இருந்தவர் இடக்கையால் பந்து வீசிக்கொண்டிருந்தார். அந்த விளையாட்டில் இடக்கைக்காரரைத் தேடிப் பிடித்து அணியில் சேர்ப்பார்களாம். இதை அண்ணா எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஒருவரின் அட்டைகளை மட்டும் சேர்த்தார். அவர் பெரிய நட்சத்திரம் அல்ல. அவருக்கு வெளிவந்தவை மொத்தம் முந்நூறு அட்டைகள் என்று அண்ணா பட்டியல் வைத்திருந்தார்.

இதற்கிடையில் உங்கள் விசேசங்களில் கதிரை அடுக்கியது யார்? பெரியபிள்ளையான உங்கள் மகள்மாரின் சாமத்தியச் சடங்குக்கு விடியமுன் வான் ஓட்டிப்போய்ப் பாரிஸிலிருந்து வாழையிலை கொண்டுவந்தது யார்? எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு மண்டபத்தைக் கூட்டியது யார்? ஒரு நாளாவது அவருக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்தீர்களா?

கிடைக்காமலே இருந்த முந்நூறாவது அட்டை, அந்த வீரர் பத்தொன்பது வயதில் ஏதோ சிறு நகரத்து அணியில் ஆடியபோது வெளிவந்தது. பதினொரு ஆண்டுகள் தேடியபின் ஒருநாள் அது தபாலில் வந்து சேர்ந்தது. அண்ணா வாழ்க்கையில் முதல்தடவையாகத் தனக்காக ஒரு விருந்து வைத்தார். எல்லோருக்கும் வாட்சப்பில் எழுதினார்: "ஒரு சந்தோசமான விசயம் இருக்கு. சனிக்கிழமை பின்னேரம் கட்டாயம் வாங்கோ. வந்தால் சொல்லுறன்."

நம் சனத்துக்கு இது போதாதா? கலியாணமாகாத நாற்பத்தாறு வயது மனிதனுக்கு வேறென்ன சந்தோசம் இருக்க முடியும்? ஒரு வெள்ளைக்காரியைக் களவாகப் பதிவுக் கலியாணம் செய்துவிட்டார் என்று மறுநாளே முடிவு கட்டினீர்கள். அவளுக்கு முன்னமே எத்தனை பிள்ளைகள் என்பதுவரை டோர்ட்முண்ட் நகரத்துச் சொந்தங்களுக்குத் தெரிந்திருந்தது. தன்னைக் கேட்காமல் செய்த காரியத்துக்கு ஒருவரும் போகக்கூடாது என்றார் பெரியப்பா. ஒருவரும் போகவில்லை. அண்ணாவிடம் நேரே ஒரு வார்த்தை கேட்க உங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நாற்பது பேருக்கு இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் செய்து வைத்துக் காத்திருந்தார். வந்தது மூன்று பேர். உண்மை தெரிந்த பிறகாவது வெட்கப்பட்டீர்களா? "கடதாசி மட்டைக்கே இந்தக் கூத்து?" என்று மாமா ஒருவர் கேட்டுச் சிரித்தது அண்ணாவின் காதுக்கும் போனது. அதன்பிறகு அவர் அட்டைகளைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து, வேலையில் நின்றபடியே அவருடைய இதயம் நின்றுபோனது. இறுதிக் கிரியைக்கு மட்டும் மண்டபம் கொள்ளாமல் வந்தீர்கள்.

மலர்வளையம் வைத்தவர்களுக்கும் உணவு சமைத்துத் தந்தவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது. ஆனால் முதல் நன்றி அந்தச் சனிக்கிழமை வந்த மூவருக்கு: மேல்மாடியில் இருக்கும் துருக்கிய அம்மா, அண்ணாவோடு பொதி ஏற்றிய போலந்துக்காரர், கடித உறைகளைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரப் பெண். மூவரும் கைகளைத் துடைத்துவிட்டு அட்டையை வாங்கிப் பார்த்தார்களாம். தபால்காரப் பெண் கைதட்டினாராம். அண்ணா வெட்கத்தில் குசினிக்குள் போய்விட்டாராம்.

இவ்வளவும் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வீடு எஸ்-பான் ரயிலில் இரண்டே நிறுத்தம் தள்ளி இருக்கிறது. அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு அண்ணா என்னை அழைத்தார். "தங்கச்சி, நீயாவது வாறியோ?" என்று கேட்டார். சொந்தத் தங்கைக்கே மறைத்துக் கலியாணம் செய்துவிட்டார் என்ற கோபத்தில், "ஏலாது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.